சாயப்பட்டறையும் கசியிழையக் கட்டியும்

மனித உடலிலிருந்து வெட்டியெடுத்த ஓர் இழையத்துண்டை மயிரிழையிலும் மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பவனுக்கு முதலில் ஏறக்குறைய எதுவுமே தெரிவதில்லை. ஒளி அதனூடே தடையின்றிச் செல்கின்றது. கலமும் கலத்தின் கருவும் அங்கேதான் இருக்கின்றன. ஆயினும் நீருள் கிடக்கும் பளிங்குத் துண்டுபோல அவை கண்ணுக்கு அகப்படுவதில்லை. அவற்றைக் காட்டிக்கொடுப்பது நிறம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது? எவருடைய கைகள் அதனைச் சேகரித்தன? எந்தச் சந்தைக்காக அது முதலில் ஆக்கப்பட்டது? விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரிசையாக மட்டுமே எழுதிப் பழகிய நூல்களில் இவ்வினாக்களுக்கு விடை கிடைப்பது அரிது. கசியிழையக் கட்டிகளை இனங்காணும் முறை வளர்ந்த கதையை முன்வைத்து இவற்றை எழுப்பிப் பார்ப்போம்.

பேச்சு வழக்கிலே குருத்தெலும்பு என்றும் பாடநூல்களிலே கசியிழையம் என்றும் நாம் குறிப்பிடும் பொருள், உடலின் ஏனைய இழையங்களினின்றும் வேறுபட்ட அமைப்புடையது. அதன் கலங்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கி நிற்பதில்லை. தாமே சுரந்த தாயப்பொருளுள், தனித்தனிக் குழிகளிலே, தீவுகள்போல அவை அமர்ந்திருக்கின்றன. இத்தகைய தாயப்பொருளைச் சுரந்துகொண்டு வளரும் கட்டிகள் என்புகளில் தோன்றுவதுண்டு. விரலென்பில் தோன்றி ஆண்டுக்கணக்காகத் தீங்கின்றிக் கிடப்பது ஒருவகை. இடுப்பென்பிலோ தொடையென்பிலோ மெல்ல மெல்லப் பரந்து, ஈற்றில் சுவாசப்பைவரை சென்று ஆளைக் கொல்லக்கூடியது மற்றொரு வகை. முன்னையதை என்கொண்ட்ரோமா என்றும் பின்னையதைக் கொண்ட்ரோசார்க்கோமா என்றும் மருத்துவர் அழைப்பர். பின்னையதிற் பெரும்பாலானவை கதிர்ச்சிகிச்சைக்கும் மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை. கத்தியே பிரதான சிகிச்சை. ஆகவே, கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் நோயியலாளர் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு மனிதனின் கால் தங்கியிருக்கின்றது. தீங்கற்றதைத் தீயதென்று சொன்னால் வேண்டாத வெட்டு; தீயதைத் தீங்கற்றதென்று சொன்னால் உயிருக்கே இறுதி. உடலுழைப்பால் வாழ்பவனுக்குக் காலை இழப்பது சீவனோபாயத்தை இழப்பதாகும் என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கலக்கொள்கையின் பிறப்பிலேயே கசியிழையத்துக்குப் பங்குண்டு. பேர்லினில் யோகான்னஸ் மூல்லரின் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய தியோடர் ஷ்வான், தாவரங்களைப் போலவே விலங்குகளும் கலங்களால் ஆனவை என்று 1839 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அந்நூலின் முதற்பகுதி எதைப் பற்றியது? முதுகுநாணையும் கசியிழையத்தையும் பற்றியது. தாவரக் கலங்களைச் சுற்றிச் சுவர் இருப்பதுபோலக் கசியிழையக் கலங்களைச் சுற்றித் தாயப்பொருள் இருப்பதால், சாயம் எதுவுமில்லாமலே அவற்றின் எல்லை புலப்பட்டது. முதுகுநாண் என்பது கருவில் முள்ளந்தண்டுக்கு முன்னோடியாகத் தோன்றிப் பின்னர் பெரும்பாலும் மறைந்துபோகும் ஓர் இழை. இவ்விரண்டையும் ஷ்வான் அருகருகே வைத்து ஆராய்ந்தார் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும். ஆசிரியர் மூல்லரும் சும்மா இருக்கவில்லை. கட்டிகளின் நுண்ணமைப்பைப் பற்றி 1838 இல் அவர் வெளியிட்ட நூல், கசியிழையக் கட்டியை விரிவாக வருணித்தது. உடலுக்கு அந்நியமான ஏதோ நச்சுப்பொருள் என்று கருதப்பட்ட கட்டி, உடலின் கலங்களைப் போன்ற கலங்களாலேயே ஆனது என்பது அப்போது தெளிவாகத் தொடங்கியது.

அதே மூல்லரின் மற்றொரு மாணவர் ருடோல்ப் விர்க்கோ. மருத்துவ நூல்கள் இவரை 1858 இல் வெளிவந்த கலநோயியல் விரிவுரைகளுக்காகவே போற்றுகின்றன. அவை பெரும்பாலும் விட்டுவிடுவது 1848 ஆம் ஆண்டை. அவ்வாண்டின் தொடக்கத்தில் மேற்கு சைலீசியா என்றல்ல, மேல் சைலீசியா எனப்படும் வறிய பிரதேசத்திலே தைபஸ் காய்ச்சல் பரவியபோது, பிரஷ்ய அரசு இருபத்தாறு வயதான விர்க்கோவை ஆராய்வதற்கு அனுப்பியது. அங்கு போலிஷ் மொழி பேசிய மக்கள் பசியால் மெலிந்து செத்துக்கொண்டிருந்தனர். நோய்க்கு மருந்தாக விர்க்கோ எழுதிக்கொடுத்தவை எவை? மக்களாட்சி, கல்வி, அவர்களுடைய சொந்த மொழிக்கு இடம், நிலவுடைமையாளரின் சுமையிலிருந்து விடுதலை. அங்கிருந்து திரும்பிய சில நாட்களிலே பேர்லின் வீதிகளில் புரட்சி வெடித்தது. விர்க்கோ தடையரண்களில் நின்றார். அடுத்த ஆண்டு அவருடைய பதவிக்கு ஆபத்து வந்தது. அவர் வூர்ட்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். அரசியலை விஞ்ஞானத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று இன்று உபதேசிப்போர், கலநோயியலின் தந்தை எத்தகைய மனிதராயிருந்தார் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. அதற்காக அவரைப் பூசிக்கவும் வேண்டியதில்லை. கலம் கலத்திலிருந்தே தோன்றுகின்றது என்ற உண்மையை அவருக்கு முன்பே கண்டு எழுதியவர் ரொபேட் ரேமாக் என்னும் யூதர். மதம் மாற மறுத்த ரேமாக்குக்கு முழுப் பேராசிரியர் பதவியை மறுத்தே வந்தது பிரஷ்யா. அவருடைய கருத்தை எடுத்துக்கொண்ட விர்க்கோ, அவருக்குரிய பெயரை உரியவாறு கொடுக்கவில்லை.

இத்தனையும் பெரும்பாலும் சாயமின்றி நடந்த வேலை. இனிச் சாயத்துக்கு வருவோம்.

இழையங்களுக்கு நிறமூட்டுவதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக ஏர்லாங்கன் நகரத்து யோசப் கேர்லாக் குறிப்பிடப்படுகின்றார். 1858 இல் அவர் மூளையின் ஒரு பகுதியைக் கார்மின் என்னும் செஞ்சாயத்தின் மிக நொய்தான கரைசலில் ஊறவைத்து, கருக்கள் தனித்துச் சிவப்பதைக் கண்டார். கார்மின் எங்கிருந்து வந்தது? மெக்சிக்கோவின் கள்ளிச்செடிகளில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து. அப்பூச்சிகளைத் துலாவித் திரட்டி உலர்த்தியவர்கள் ஒவக்காகாப் பிரதேசத்துச் சுதேச மக்கள். ஸ்பானியப் பேரரசு மெக்சிக்கோவிலிருந்து ஏற்றிச்சென்ற பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த இடம் பல காலம் இப்பூச்சிக்கே இருந்தது. அரசர்களின் அங்கிகளுக்கும் கார்டினல்களின் மேலாடைகளுக்குமாகத் திரட்டிய சிவப்பில் ஒரு துளிதான் கேர்லாக்கின் கிண்ணத்துக்கு வந்தது.

கார்மினை விரைவில் மற்றொரு சாயம் வென்றது. யுக்கத்தான் குடாநாட்டின் காம்பெச்சே கரையோரத்துச் சதுப்புநிலங்களில் வளரும் ஒரு முள்மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது ஹீமற்றொக்சிலின். கம்பளித் துணிக்குக் கறுப்பும் நீலமும் ஊட்டுவதற்கு ஐரோப்பியர் அதனை விரும்பினர். ஸ்பானியர் வெட்டினர், பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்கொள்ளையர் கப்பல்களை விட்டு இறங்கிக் கோடரியை எடுத்தனர், பின்னர் ஹொண்டூராஸ் வளைகுடாவில் குடியேறிய அவர்கள் ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இடுப்பளவு நீரில் நிறுத்தி மரம் வெட்டுவித்தனர். இன்று பெலீஸ் என வழங்கும் நாட்டின் தோற்றம் இதுதான். மருத்துவ மாணவர் முதன்முதல் பழகும் அந்த நீல ஊதாச் சாயத்தில் அடிமையின் வியர்வையும் கலந்திருக்கின்றது என்று கூறுவது வெறும் அலங்காரமன்று.

இங்கே கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தியுண்டு. எலிசபெத் அரசியின் ஆட்சியில் இம்மரச்சாயம் இங்கிலாந்திலே தடைசெய்யப்பட்டிருந்தது. துணியிற் பிடிக்காமல் வெளிறிப்போனதே காரணம். படிகாரம் முதலிய உலோக உப்புகளைச் சேர்த்தால் நிறம் நிலைக்கும் என்பதைச் சாயத்தொழிலாளர் கைப்பழக்கத்தில் தெளிந்த பின்னர், 1662 இல் தடை நீங்கியது. இருநூறு ஆண்டுகள் கழித்து இதே கதை ஆய்வுகூடத்தில் மீண்டும் நடந்தது. 1863 இல் வால்டையர் ஹீமற்றொக்சிலினைத் தனியே இழையத்துக்கு இட்டுப் பார்த்தார், பயன் சொற்பம். 1865 இல் போமர் அதனுடன் படிகாரத்தைச் சேர்த்தார். கருக்கள் தெளிவான நீலமாயின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாயப்பட்டறையின் கூலியாள் அறிந்திருந்ததை விஞ்ஞானி அப்போதுதான் அறிந்தான். நூல்களில் போமரின் பெயர் இருக்கின்றது. பட்டறையாளின் பெயர் எங்குமில்லை.

நீலத்துக்குத் துணையாக ஒரு சிவப்பு வேண்டியிருந்தது. அது காட்டிலிருந்து வரவில்லை, நிலக்கரித்தாரிலிருந்து வந்தது. 1856 இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பேர்க்கின் நிலக்கரித்தார்ப் பொருளொன்றிலிருந்து கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். கொயினா எதற்கு? மலேரியா மலிந்த குடியேற்ற நாடுகளில் சிப்பாய்களும் துரைமாரும் உயிரோடிருந்து ஆள்வதற்கு. (இலங்கையிலே ஹக்கலைப் பூங்கா 1861 இல் தொடங்கியதும் சிங்கோனாப் பயிரைப் பரீட்சிக்கவே.) பேர்க்கினுக்குக் கொயினா கிடைக்கவில்லை, கறுப்பு வண்டல் ஒன்றும் அதிலிருந்து ஓர் ஊதாச் சாயமும் கிடைத்தன. செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கம் அதுவே. பேர்க்கின் ஆங்கிலேயர், ஆனால் அறுவடை செய்தது ஜேர்மனி. 1863 இல் பாயர் கம்பனியும் ஹோக்ஸ்ற் கம்பனியும், 1865 இல் பி.ஏ.எஸ்.எப். கம்பனியும் எழுந்தன. அவை இரசாயனப் பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாக வேலைக்கு அமர்த்தி, கண்டுபிடிப்பையே ஒரு தொழிற்சாலை வேலையாக்கின. பி.ஏ.எஸ்.எப். கம்பனியின் ஹைன்றிக் காரோ 1874 இல் ஆக்கிய இயோசின் என்னும் செஞ்சாயம், பட்டுத்துணிக்காகவே பிறந்தது. 1876 இல் விசோட்ஸ்கி அதனை ஹீமற்றொக்சிலினுடன் இணைத்தார். கரு நீலம், ஏனையவை இளஞ்சிவப்பு. உலகின் எந்த வைத்தியசாலையிலும் புற்றுநோய் என்ற தீர்ப்பு இன்றும் முதலில் இந்த இரு நிறங்களிலேயே எழுதப்படுகின்றது. அதே கம்பனி 1897 இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டபோது இந்தியாவின் அவுரி வாணிகம் சரிந்த கதையையும், அந்தச் சரிவின் சுமையைத் தோட்டத்துரைமார் பீகாரின் சம்பாரண் விவசாயிகளின் முதுகில் ஏற்றிய கதையையும் ஆசிரியர்கள் வகுப்பறையில் சேர்த்துச் சொல்லலாம்.

இச்சாயங்கள் ஏன் ஒன்றைப் பற்றி மற்றொன்றை விடுகின்றன? பெரும்பாலோர் இதனைக் கேளாமலே ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தனர். கேட்டவர் போல் ஏர்லிக். 1878 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடே நிறமூட்டலைப் பற்றியது. சாயம் இழையத்தில் ஒட்டிக்கொள்வது ஓர் இரசாயன உறவு என்று அவர் வாதித்தார். சில நீலச் சாயங்கள் சில இடங்களில் தமது நிறத்தை விட்டுச் செவ்வூதாவாக மாறுவதையும் அவர் கவனித்து, அவ்வியல்புக்குப் பெயரும் இட்டார். நிறம்மாறல் என்று நாம் அதனைச் சொல்லலாம். இவ்வியல்பைத் துலக்கமாகக் காட்டும் இழையங்களில் தலையாயது கசியிழையம். தொலுயிடின் நீலம் என்ற சாயத்தை இட்டால் சூழவுள்ள இழையம் நீலமாயிருக்க, கசியிழையத்தின் தாயம் மட்டும் செவ்வூதாவாய் நிற்கும். காரணம் 1935 இல் லிசோன் என்பவரின் ஆராய்ச்சியால் துலங்கியது. கசியிழையத் தாயத்திலே கொண்ரொயிற்றின் சல்பேற்று என்னும் நீண்ட வெல்லச் சங்கிலிகள் செறிந்துள்ளன. அவற்றின் சல்பேற்றுக் கூட்டங்கள் எதிரேற்றம் உடையவை. சாயத்தின் மூலக்கூறுகளோ நேரேற்றம் உடையவை. சங்கிலி நெடுக அவை தோளோடு தோள் நெருங்கி அணிவகுக்கும்போது, ஒளியை உறிஞ்சும் தன்மையே மாறிவிடுகின்றது. தனியே நிற்கும் மூலக்கூறு காட்டும் நிறம் வேறு, கூடி நிற்கும்போது காட்டும் நிறம் வேறு!

ஏர்லிக் யூதர். அவர் சல்வார்சான் மருந்தை ஆக்கியபோது அதனை உற்பத்தி செய்தது ஹோக்ஸ்ற் கம்பனி. அவர் 1915 இல் காலமானார். பத்தாண்டு கழித்து ஹோக்ஸ்ற், பாயர், பி.ஏ.எஸ்.எப். முதலிய சாயக்கம்பனிகள் ஒன்றிணைந்து ஐ.ஜி. பார்பன் என்ற பூதமாயின. அப்பெயரிலுள்ள பார்பன் என்பதற்குச் சாயங்கள் என்றே பொருள். ஹிட்லரின் ஆட்சியில் அந்நிறுவனம் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அருகே மோனோவிட்ஸ் என்னுமிடத்தில் ஆலை கட்டி, கைதிகளை அடிமைகளாக உழைக்கவைத்தது. உழைக்கமாட்டாதார் விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். 1948 இல் நியூரம்பேர்க் நீதிமன்றம் அதன் அதிகாரிகள் பதின்மூவரைக் குற்றவாளிகளெனக் கண்டது. தண்டனைக் காலம் எவருக்கும் நீண்டதாயிருக்கவில்லை. நிறம் குற்றமற்றது, அதனை உடைமையாக வைத்திருந்த வர்க்கத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

அடுத்த சாயமும் துணிச்சந்தையிலிருந்தே வந்தது. 1928 இல் ஸ்கொத்லாந்தின் கிறேஞ்மவுத் சாய ஆலையிலே, உட்பூச்சு வெடித்த ஓர் இரும்புக் கலனில் வெண்பொருள் ஒன்று நீலமாகக் கறைபட்டது. அந்தக் கறையிலிருந்து தலோசயனின் என்னும் நீலக் குடும்பம் பிறந்தது. அதிலொன்று பருத்தி அச்சுக்கென ஆக்கப்பட்ட அல்சியன் நீலம். 1950 இல் ஸ்ரீட்மன் அதனை இழையத்துக்குக் கொண்டுவந்தார். 1965 இல் ஸ்கொற், டோர்லிங் ஆகிய இருவர், சாயக்கரைசலில் மகனீசியம் குளோரைட்டைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் எந்த வெல்லச் சங்கிலி சாயத்தைக் கைவிடுகின்றது என்று அளந்து காட்டினர். கசியிழையப் பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அது உதவியது. ஆயினும் நோயாளியின் வினாவுக்கு இவை எவையும் விடை தரவில்லை. இங்கே கசியிழையம் இருக்கின்றதா என்று கேட்டால் சாயம் ஆம் என்னும். தீயதா தீங்கற்றதா என்று கேட்டால் அது வாய் திறவாது. இரண்டும் அதே சல்பேற்றைத்தான் சுரக்கின்றன.

அவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் நோயாளிகளைப் பின்தொடர்ந்தவர்கள். அவர்களில் முதல்வராகப் பொஸ்ரன் நகரத்து எர்னெஸ்ற் கொட்மனைச் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை செய்த ஒவ்வொருவரையும் பல மாதங்கள் கழித்துத் தேடிப்பார்த்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லையெனின் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். அதனை ஊரறிய வெளியிடவும் வேண்டும். இதுவே அவருடைய கொள்கை. எளிய கொள்கைதான், ஆனால் செல்வச் சீமான்களின் வைத்தியர்களுக்கு இதைவிடக் கசப்பான மருந்து இருந்திருக்க முடியாது. மூப்பு வரிசைப்படி பதவி கொடுக்கும் முறையை எதிர்த்து 1914 இல் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலைப் பதவியைத் துறந்தார். 1915 ஜனவரியில், மருத்துவச் சங்கக் கூட்டமொன்றிலே பெரியதொரு கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கினார். மணலுள் தலையைப் புதைத்த தீக்கோழி ஒன்று பொன்முட்டைகளை வைத்தியர்களின் பக்கம் உதைத்துத் தள்ளுகின்றது! தீக்கோழி, நகரத்துச் செல்வந்தர் கூட்டம். கூட்டத்திலிருந்தோர் கொதித்தெழுந்தனர், கொட்மன் சங்கத் தலைமையையும் ஹார்வாட் பல்கலைக்கழக ஆசிரியப் பதவியையும் இழந்தார். அவர் தாமே நடத்திய சிறு வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்றோர் 337 பேர். அவர்களுக்குத் தாம் செய்ததாக அவரே கணக்கெடுத்து அச்சிட்ட பிழைகள் 123. எத்தனை பேர் இதனைச் செய்வர்?

அதே கொட்மன் 1920 இல் என்புப்புற்றுப் பதிவேட்டைத் தொடங்கினார். என்புக்கட்டிகள் அரியவை, எந்தவொரு வைத்தியரும் தம் வாழ்நாளில் சிலவற்றையே காண்பார். ஆகவே நாடெங்குமுள்ள சத்திரசிகிச்சையாளர் தத்தம் நோயாளிகளின் விபரங்களையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் ஓரிடத்துக்கு அனுப்பவேண்டுமென்று அவர் கேட்டார். தனியுடைமையாகக் கிடந்த அனுபவம் பொதுவுடைமையாயிற்று. கசியிழையக் கட்டி அறிவில் இதனைவிடப் பெரிய அடி எதுவும் எடுத்துவைக்கப்படவில்லை என்பது என் எண்ணம். இத்தகைய திரட்டல்களின் வழியே வகைகள் பிரியத் தொடங்கின. 1930 இல் சிக்காகோவின் பெமிஸ்ரர், கொண்ட்ரோசார்க்கோமாவை ஏனைய என்புப்புற்றினின்றும் வேறாகக் காட்டினார். 1931 இல் கொட்மன் தோளென்பின் முனையில் வரும் ஒரு கட்டியை வருணித்தார். 1942 இல் நியூயோர்க்கின் ஜாவே, லிச்ரென்ஸ்ரைன் இருவரும் அது தீங்கற்றதென நிறுவிக் கொண்ட்ரோபிளாஸ்ரோமா எனப் பெயரிட்டனர். மறு ஆண்டு அவ்விருவருமே, கொண்ட்ரோசார்க்கோமாவை அறிவதற்குப் பருத்த கருக்களையும் இருகருக் கலங்களையும் தேடவேண்டுமென்று எழுதினர். பார்த்ததெல்லாம் பழைய நீலமும் சிவப்புமே. கொட்மன் 1940 இல் இறந்தார்; அவருடைய புதைகுழிக்குப் பெயர்க்கல் நடப்பட்டது 2014 இல்.

இழையத்தின் பொதுவான இரசாயனத்தைக் காட்டும் சாயம் போதாது, ஒரு குறித்த புரதத்தை மட்டும் சுட்டும் சாயம் வேண்டும் என்ற எண்ணம் அல்பேட் கூன்ஸ் என்ற இளம் அமெரிக்க வைத்தியருக்கு 1939 கோடையில், யுத்தத்தின் வாசலில் நின்ற பேர்லினில் தோன்றியது. நோய்க்கிருமியைத் தேடிப் பற்றுவதற்கு உடல் ஆக்கும் பிறபொருளெதிரியிலே ஓர் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால் என்ன? ஹார்வாட்டில் லூயி பீசரின் இரசாயனகூடத்தார் உதவ, 1941 இல் அது கைகூடியது. முதலிற் கட்டிய பொருளின் நீல ஒளி இழையத்தின் சொந்த ஒளியோடு மயங்கியதால், பச்சையாய் ஒளிரும் புளோரசீனுக்கு மாறினர். இயோசினின் தாய்ப்பொருளான இதனை 1871 இல் பாயர் என்ற இரசாயனர் ஆக்கியிருந்தார். அதே பீசர்தான் 1942 இல் நேபாம் எரிகுண்டுக் கலவையை ஆக்கியவர். கொரியாவிலும் வியட்நாமிலும் அது என்ன செய்ததென்பதை உலகம் அறியும். 1966 இல் நகானே, பியர்ஸ் ஆகியோர் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக ஒரு நொதியத்தைக் கட்டினர். அந்நொதியம் வேண்டிய இடத்தில் கபிலநிறப் படிவை உண்டாக்குவதால், சாதாரண நுணுக்குக்காட்டியே போதுமாயிற்று.

பிறபொருளெதிரிகளை ஒரே தன்மையுடையனவாக, வேண்டிய அளவில் ஆக்கும் வழியை 1975 இல் கேம்பிரிட்ஜில் கண்டவர்கள் கோலரும் மில்ஸ்ரைனும். செசார் மில்ஸ்ரைன் ஆர்ஜென்ரீனர். 1962 இராணுவச் சதியின் பின்னர் புவனொஸ் அயர்ஸில் அவருடைய ஆய்வுநிறுவனத்திலே விஞ்ஞானிகள் வேட்டையாடப்பட்டபோது, தம் பதவியைத் துறந்து வெளியேறியவர். தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பிரித்தானிய அரசின் உரிய நிறுவனமும் அதன் பெறுமதியை உணரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கலங்களை அனுப்பினார். அமெரிக்காவில் அவற்றைப் பெற்ற சிலர் அவற்றைக்கொண்டு செய்தவற்றுக்குக் காப்புரிமை எடுத்துக்கொண்டனர்.

இந்த வழியிற் கசியிழையத்துக்குக் கிடைத்த முதற் பெரிய அடையாளம் எஸ்-100 என்னும் புரதம். 1965 இல் பிளேக் மூர் மாட்டு மூளையிற் கண்டது அது. நூற்றுக்கு நூறு நிரம்பிய அமோனியம் சல்பேற்றுக் கரைசலிலும் கரைந்து நிற்பதாற் பெற்ற பெயர். நரம்புக்கே உரியதென்று எண்ணியிருந்த அது கசியிழையக் கலங்களிலும் உண்டென 1982 இல் தெரிந்தது. நரம்பிழைகளைச் சுற்றிய ஷ்வான் கலங்களும் அதனை உடையன. ஷ்வான் தம் பெயரைப் பெற்ற கலத்தையும், தம் கொள்கைக்கு அடிப்படையான கலத்தையும் ஒரே கபிலநிறத்திற் கண்டால் என்ன நினைத்திருப்பார்!

ஆனால் எஸ்-100 தடுமாறிய ஓர் இடமுண்டு. அங்கேதான் முன்னர் சொல்லிவைத்த முதுகுநாண் மீண்டும் வருகின்றது. 1857 இல் விர்க்கோ மண்டையோட்டின் அடித்தளத்தில் வழுவழுப்பான சிறு கட்டிகளைக் கண்டு, கசியிழையத்திலிருந்து எழுந்தவை என்று கருதினார். அடுத்த ஆண்டே ஹைன்றிக் மூல்லர் என்பவர், அவை முதுகுநாணின் மிச்சங்களாக இருக்கலாம் என்றார். பின்னவரே சரி. முதுகுநாணிலிருந்து எழும் புற்றுக்குக் கோர்டோமா என்று பெயர். அதே மண்டையடித் தளத்தில் கொண்ட்ரோசார்க்கோமாவும் தோன்றும். இரண்டும் வழுவழுப்பானவை, இரண்டும் எஸ்-100 ஐக் காட்டக்கூடியவை. நோயாளியின் கதியோ முற்றிலும் வேறு. மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் மண்டையடிக் கொண்ட்ரோசார்க்கோமாவுக்குச் சத்திரசிகிச்சையும் புரோத்தன் கதிர்ச்சிகிச்சையும் பெற்ற 200 பேரைப் பின்தொடர்ந்து 1999 இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாண்டின் பின்னும் அந்நோயால் இறவாதோர் நூற்றுக்கு 99 என்று கண்டது. கோர்டோமா நோயாளிகளின் கணக்கு அதற்கு வெகுதூரம் கீழே. அந்த 200 பேரிற் பலருக்கு முதலில் கோர்டோமா என்றே சொல்லப்பட்டிருந்தது. கொட்மன் வெளியேறிய அதே வைத்தியசாலையில், கொட்மன் கேட்ட அதே முறையில், நோயாளிகளைப் பின்தொடர்ந்து எண்ணியதனாலேயே இது வெளிப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய அங்கு உதவியது கெரற்றின் என்ற புரதத்தைச் சுட்டும் பிறபொருளெதிரி. கோர்டோமா அதனை ஏற்கும், கொண்ட்ரோசார்க்கோமா ஏற்காது.

2006 இல் லண்டனில் ஏட்ரியன் பிளனகனின் குழுவினர் மேலும் உறுதியான அடையாளத்தைத் தந்தனர். அதன் பெயர் பிறாக்கியூரி, கிரேக்கத்தில் குறுவால். பாரிஸ் நகரில் ஆராய்ச்சி செய்த நதீன் தொப்ரவோல்ஸ்கயா-சவத்ஸ்கயா என்ற ரஷ்யப் பெண் வைத்தியர், 1927 இல் குறுவாலுடைய சுண்டெலிகளின் பரம்பரையொன்றை விவரித்தார். அக்குறைபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற கரு, முதுகுநாண் உருவாகாமலே இறந்தது. முதுகுநாணுக்கு இன்றியமையாத அப்பரம்பரையலகின் புரதம் கோர்டோமாவிற் கருவைக் கபிலமாக்குகின்றது. கசியிழையக் கட்டிகளில் அது இல்லை. எலியின் வாலைப் பற்றி எழுதியபோது புற்றுநோயாளி எவனும் அப்பெண்ணின் மனத்தில் இருந்திருக்க நியாயமில்லை. உடனடிப் பயனைக் காட்டு, பின்னர் பணம் தருகின்றோம் என்று ஆராய்ச்சியாளரை நெருக்கும் கனவான்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பரம்பரையலகு ஆராய்ச்சி அடுத்தடுத்து வேறு அடையாளங்களையும் கொணர்ந்தது. 2011 இல், என்புக்குள் எழும் கசியிழையக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதியளவில், ஐ.டி.எச். என்னும் நொதியத்தின் பரம்பரையலகிலே விகாரம் உண்டெனக் காணப்பட்டது. 2013 இல், கொட்மன் வருணித்த கொண்ட்ரோபிளாஸ்ரோமாக்களில் நூற்றுக்கு 95 அளவினவற்றிலே, ஹிஸ்ரோன் என்ற புரதத்தின் 36 ஆம் இடத்தில் ஓர் அமினோவமிலம் மாறியிருப்பது தெரியவந்தது. அம்மாற்றத்தையே சுட்டும் பிறபொருளெதிரி இப்போது உண்டு. ஐ.டி.எச். விகாரத்துக்கென மூளைக்கட்டிகளில் வழங்கும் பிறபொருளெதிரியோ கசியிழையக் கட்டிகளில் அதிகம் உதவுவதில்லை. இங்கு வழக்கமாக நேரும் மாற்றம் வேறொன்று. மேலும் தீங்கற்ற என்கொண்ட்ரோமாவிலும் அதே விகாரம் இருப்பதால், பழைய வினா அப்படியே நிற்கின்றது.

தீங்கற்ற கட்டியையும் மிக மெதுவாக வளரும் தாழ்தரக் கொண்ட்ரோசார்க்கோமாவையும் பிரித்துக் காட்டும் நம்பகமான அடையாளச் சாயம் இதுவரை இல்லை. கைதேர்ந்த நோயியலாளரும் ஒரே தகட்டைப் பார்த்து ஒருவரோடொருவர் மாறுபடுகின்றனர். 2013 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இத்தாழ்தரக் கட்டிக்கு ‘வழமைக்கு மாறான கசியிழையக் கட்டி’ என்ற பெயரையும் வழங்கியது; 2020 இல் அப்பெயர் கைகால் என்புகளில் வருவதற்கென ஒதுக்கப்பட்டது, இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் வருவது புற்று என்ற பெயரிலேயே நின்றது. ஒரே தோற்றம், இடத்துக்கேற்ப இரு பெயர். கைகாலில் வருவது ஆளைக் கொல்வது மிக அரிதென்று நீண்டகாலப் பின்தொடர்தல் காட்டியதால், முன்னர் என்பையே வெட்டி நீக்கிய இடத்தில் இப்போது பெரும்பாலும் சுரண்டி எடுப்பதோடு நிறுத்துகின்றனர்.

பிறபொருளெதிரிப் புட்டிகள் விலை கூடியவை. குளிரில் வைத்துப் பேணவேண்டியவை. அவற்றை வாங்க இயலாத வைத்தியசாலை, துண்டத்தை இன்னொரு நகருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றது. காத்திருக்கும் நாட்களில் நோயியலாளரின் மேசைமேல் உள்ளவை எக்ஸ்-கதிர்ப் படமும், முள்மரத்தின் நீலமும் நிலக்கரித்தாரின் சிவப்பும் ஏறிய ஒரு கண்ணாடித் தகடும். 1970களில் அம்மரச்சாயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது மாற்றுச் சாயங்களைப் பலர் தேடினர். அதன் இடத்தை முழுமையாகப் பிடித்த செயற்கைச் சாயம் எதுவும் கிடைக்கவில்லை. மரம் இன்னும் வெட்டப்படுகின்றது.